வாடகை வீட்டில் முல்லை

அன்புள்ள வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு,

"சொந்தமா ஒரு வீடு கட்டட்டும், அப்புறம் வாசல்ல முல்லைப் பந்தல் போட்டுக்கலாம்" என்று நீங்கள் தள்ளிப் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். அந்த வீடு எப்போது வரும் என்பது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான விஷயம். அதில் நான் தலையிட முடியாது. முல்லையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தயக்கம் தெரியாதவன் இல்லை நான். உங்கள் கூட்டம்தான். பதினொரு மாத ஒப்பந்தம், வருஷா வருஷம் ஏறும் வாடகை, "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், வீடு வேணும்" என்று ஒருநாள் வரும் போன். ரோஜாத் தொட்டி என்றால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கொடி அப்படியா? இரண்டு வருஷத்தில் கிரில்லில் ஏறி, மேல்வீட்டு பால்கனி வரைக்கும் பின்னிக்கொண்டு நிற்கும். நன்றாகப் பூக்கத் தொடங்கும் நேரம் பார்த்துக் காலி செய்யச் சொன்னால்? இந்தக் கேள்விக்குப் பயந்தே நம்மில் பலர் ஒரு மணி பிளான்ட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நான் சொல்வது நேர் எதிர். வாடகைக்கு இருப்பவருக்குக் கொடியைப் போலத் தோதான செடி வேறில்லை. அதை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டும் போகலாம், கையோடு கொண்டும் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். வாசலில் நிற்கும் தென்னையை வைத்துக்கொண்டு இந்த வித்தை நடக்காது.

முல்லைத் தண்டின் கணு ஈர மண்ணோடு கொஞ்ச காலம் ஒட்டிக் கிடந்தால் அங்கே வேர் இறங்கப் பார்க்கும். இந்தக் குணத்தை நம்பித்தான் மல்லிகைக் குடும்பமே நம்மிடம் பிழைத்து வந்திருக்கிறது. நாம் கட்டித் தலையில் வைக்கும் குண்டு மல்லி அநேகமாக விதையே வைப்பதில்லை. போத்து நட்டும் பதியன் போட்டும்தான் அது கைமாறி வந்திருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தோட்டங்களுக்கான நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கத்து மணல் பூமியிலிருந்து போகிறது. மதுரையின் பெயரைச் சுமக்கிற செடியே வேறு ஊரில் வேர்விட்டு, வண்டியேறி வந்து குடியிருப்பதுதான். நாம் தாம்பரத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போவதற்கு இத்தனை விசாரப்படுகிறோம்.

முதலில் தாய்ச்செடிக்கு வழி பார்ப்போம். நர்சரியில் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் தெருவிலேயே யாராவது ஒரு அம்மா பந்தல் வைத்திருப்பார். மணி பிளான்ட்டைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் செழிக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை முல்லைக்கும் நீட்டிக்க வேண்டாம். கேட்டாலே கொடுப்பார்கள், கேட்கும் நேரம்தான் முக்கியம். பூக்கும் பருவத்தில் போய்க் கிளை கேட்டால் எந்த அம்மாவுக்கும் முகம் கோணும். கவாத்து செய்யும் சமயத்தில் போங்கள். குண்டு மல்லியை நவம்பர் கடைசியிலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுவது பூ விவசாயிகளின் வழக்கம். வீட்டுப் பந்தல்காரர்களும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் வெட்டுவார்கள். பொங்கல் முடிந்த கையோடு குப்பை வண்டிக்குப் போகும் கொடியில் ஒரு கைப்பிடி கேட்டால், "முழுசா எடுத்துட்டுப் போப்பா, எனக்குக் கூட்டுற வேலை மிச்சம்" என்று பதில் வரும்.

வாங்குவதற்கு முன் அந்தக் கொடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இலையிலும் மொட்டிலும் வெள்ளை வெல்வெட் ஒட்டியதுபோல் ரோமம் படர்ந்து சுருண்டிருந்தால், அது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேனின் வேலை. பூ பூவாக மலராமல் பச்சை இலைக்கொத்தாகத் திரிந்திருந்தால் அது இன்னும் மோசம், செடிக்குள்ளேயே ஓடும் நோய். இரண்டும் போத்தோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வரும். காபி குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வேறு வீடு பாருங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முல்லை ரகங்களில் ஒன்று இந்தப் பேனுக்கு ஈடுகொடுக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாரிமுல்லை. வேறென்ன வைப்பார்கள்! பாரி தேரைக் கொடுத்தான், நம்மால் முடிந்தது ஜன்னல் கிரில்.

போத்து எடுக்கும்போது இளம் நுனியும் வேண்டாம், அடியில் பழுப்பேறிக் கட்டையாகிப்போன பாகமும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே, வளைத்தால் கொஞ்சம் முரண்டு பிடித்து வளையும் இடம்தான் சரி. ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு போதும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டுங்கள். எது தலை, எது கால் என்று குழம்பாமல் இருக்க அந்தச் சாய்வு உதவும். தலைகீழாக நட்ட போத்திலிருந்து வேரை எதிர்பார்க்க முடியாது. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே மட்டும் ஒரு ஜோடியை விடுங்கள்.

தூசி போகக் கழுவிய மணலும் தேங்காய் நார்க்கழிவும் பாதிக்குப் பாதி இருந்தால் போதும். உரம் வேண்டவே வேண்டாம், சாப்பிட வாயே இல்லாத நேரத்தில் விருந்து வைத்து என்ன பயன். வேரூக்கிப் பொடி கடையில் கிடைக்கும். தடவினால் சீக்கிரமும் கூடுதலாகவும் வேர்விடும், இல்லாமலும் வரும். தேன், பட்டைப் பொடி, கற்றாழைச் சோறு என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. வெட்டும் ஈரமும் நிழலும் சரியாக அமைந்தால் அவற்றுக்கு வேலையே இல்லை. ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, போத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். இலை ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், உறிஞ்சித் தர வேர் இல்லை. உள்ளே காற்று ஈரமாக இருந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவது வாரம் போலத் துளிர் வரும். உடனே வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள். தண்டில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த சத்தைக் கொண்டே வேரில்லாத போத்துகூட நாலு இலை விடும். சேமிப்பு தீர்ந்ததும் ஒரே நாளில் துவண்டு போகும். "நல்லா தளிர்த்துச்சு, யார் கண்ணு பட்டுச்சோ" என்று பழி சொல்லும் பல சம்பவங்களின் பின்னால் இருப்பது இதுதான். வேர் இருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்பவர்கள் இன்னொரு ரகம். புதுவேர் நூலைவிட மெல்லிசு, லேசாக இழுத்தாலும் அறுந்துவிடும். ஜூஸ் பாட்டிலின் அடிப்பாகம் போல வெளியிலிருந்து உள்ளே தெரிகிற டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு நட்டுவிட்டால் இந்தச் சோதனையே தேவையில்லை. ஓரத்தில் வெள்ளை இழை ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெளிச்சம் வேருக்கு ஆகாது என்பதால் சுற்றிலும் ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, பார்க்கும்போது மட்டும் எடுங்கள்.

இப்படித் தாய் வந்து சேர்ந்தது, பெரிய பையிலோ மதிலோர மண்ணிலோ ஊன்றிவிட்டது, கிரில்லைப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிதான் நான் சொல்ல வந்த விஷயமே.

வருஷம் ஒரு பதியன் போடுங்கள். காலி செய்யும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடுங்கள். முல்லைப் பதியன் பிரித்தெடுக்கும் பக்குவத்துக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆகும். எந்த வீட்டுக்காரர் அவ்வளவு அவகாசம் கொடுக்கிறார்? நோட்டீஸ் வந்த பிறகு பதியன் போட முடியாது. ஆகவே குழந்தை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற மாதம் ஆடி. அக்னி நட்சத்திரத்தின் சூடு தணிந்திருக்கும், அடுத்து மழை மாதங்கள் வரிசையாக வரும். இன்னொரு வசதி, ஆடியில் நம் ஊரில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆகவே காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரரும் தயங்குவார். ஆடியில் போட்ட பதியன் ஐப்பசி வாக்கில் தனிச்செடி. பிள்ளைகளின் பரீட்சை முடிந்து மே மாதம் நாம் மூட்டை கட்டும்போது அதற்குச் சொந்தமாக நல்ல வேர்க்கட்டு இருக்கும்.

போடும் முறையை நிதானமாகவே சொல்கிறேன். தாழ்வாகத் தொங்கும், கொஞ்சம் முற்றிய ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு கணு. அங்கே இருக்கும் இலைகளை எடுத்துவிடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே, தண்டின் அடிப்பக்கமாக, கூர்மையான பிளேடால் மேல்நோக்கிச் சாய்வாக ஒரு கீறல், தண்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. சின்ன நாக்கு மாதிரி ஒரு சீவல் பிரிந்து நிற்கும். அது மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகுங்கள். தாய்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் மண் நிரப்பி வைத்து, அந்தக் கணுவை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் அழுத்துங்கள். கம்பியை வளைத்துக் குத்தி நிறுத்தலாம், அதன் மேல் ஒரு கல்லும் வைக்கலாம். மேலே வெளிவரும் நுனியை ஒரு குச்சியில் நிமிர்த்திக் கட்டுங்கள்.

அந்தச் சின்னக் கீறலில் நடப்பது என்ன? வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டின் உள்பக்கம் வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைத்த உணவும், வேரைத் தூண்டும் வளர்ச்சிச் சுரப்பும் பட்டை வழியாகக் கீழே இறங்குகின்றன. நாம் வெட்டியது தண்டின் ஒரு பக்கத்தை மட்டும்தான். தண்ணீர் வருவது நிற்காது, இறங்குவது மட்டும் அந்த வெட்டில் தேங்கும். தேங்கிய இடத்தில் ஈரமும் இருட்டும் இருந்தால் வேர் கிளம்பும். அதுவரை அந்தக் கிளை தாய் வீட்டுச் சோற்றில் இருப்பதால் வாடவே வாடாது. போத்தில் இருக்கும் பாதிச் சூதாட்டம் பதியனில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

மண் காயக் கூடாது, சேறாகவும் கூடாது. இந்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அப்புறம் தாய்ப்பக்கத்துத் தண்டை வெட்டிவிட்டு, அதே இடத்தில் அசைக்காமல் இரண்டு வாரம் விடுங்கள். வெட்டிய அன்றே தூக்கிக்கொண்டு ஓடுபவர்களிடம்தான் பதியன் பட்டுப்போகிறது. மறுநாள் நுனி கொஞ்சம் தலைசாய்த்தால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நிமிரும்.

கொடி உயரத்தில்தான் இருக்கிறது, தாழ்ந்த கிளையே இல்லை என்றால் விண்பதியன் இருக்கிறது. பட்டையை ஓர் அங்குலம் வளையமாக உரித்து, உள்ளே வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் சுரண்டி, ஊறவைத்த தேங்காய் நாரைப் பொதிந்து, பாலித்தீன் கட்டி இரண்டு முனையையும் இறுக்குவது. காகிதப்பூவுக்கு இது நன்றாக வரும். மெல்லிய முல்லைத் தண்டில் வளையம் உரிப்பதற்கு நிதானமான கை வேண்டும். தரைப் பதியனே நமக்குச் சௌகரியம்.

வீட்டுக்காரரைப் பற்றி. "செடி வெச்சா செவுரு வீணாப் போயிடும்" என்பார். அவர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சுவரில் வேரூன்றி ஒட்டி ஏறும் கொடிகள் உண்டு, அவை பெயின்ட்டையும் பூச்சையும் பெயர்க்கும். முல்லை அந்த ஜாதி இல்லை. அது சுற்றியும் சாய்ந்தும் ஏறுவது. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு கயிறு கட்டிக் காட்டிவிட்டால் சுவர்ப்பக்கமே திரும்பாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, அதில் நிற்கும் தண்ணீரை நாள் தவறாமல் கொட்டிவிட்டால் தரை ஈரப் புகாரும் வராது, கொசுவும் வராது. முல்லை வாசனைக்குப் பாம்பு வரும் என்பது அடுத்த ஆட்சேபணை. பாம்புக்குப் பூவாசனையில் எந்த ஈடுபாடும் கிடையாது. எலியும் தவளையும் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் கொடியின் அடியில் சருகும் பழைய சாமானும் குவிந்து கிடந்தால் அவற்றைத் தேடி வரலாம். அடியை ஒரு முழ உயரத்துக்குத் துப்புரவாக வைத்துக்கொள்ளுங்கள், அவரிடமும் அப்படியே சொல்லுங்கள். முதல் பூவில் ஒரு முழம் கட்டி வீட்டுக்கார அம்மாவிடம் கொடுப்பதை லஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன்.

முல்லை தவிர வேறு கொடி வேண்டும் என்பவர்களுக்கும் சில வார்த்தை. ஒரே வருஷம்தான் இருப்போம் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்குச் சங்குப்பூ. விதை போட்டு இரண்டு மாதம் போலப் பூக்கும். அவரைக் குடும்பம் என்பதால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் தானே சேர்த்துக்கொள்ளும், உரச் செலவு குறைவு. விதைத்தோல் கெட்டி. ராத்திரி தண்ணீரில் போடுங்கள். காலையில் பாதி விதை உப்பியிருக்கும், மீதி போட்டபடியே கறுப்பாகக் கிடக்கும். உப்பியதை நடுங்கள். உப்பாததைச் சிமென்ட் தரையில் ஒரு பக்கம் லேசாக உரசி மறுபடி ஊறவையுங்கள், அதுவும் வழிக்கு வரும். காய் முற்றிக் காய்ந்தால் தானே முறுக்கிக்கொண்டு வெடித்து விதையை எறிந்துவிடும். பழுப்பேறியதுமே பறித்து ஒரு கவரில் போட்டுக்கொண்டால் உங்கள் தோட்டம் முழுவதும் கைப்பையில் அடங்கும்.

ரங்கூன் மல்லி மேல் பலருக்கு ஆசை இருக்கும், எனக்கும் உண்டு. சாயங்காலம் வெள்ளையாக மலர்ந்து வாசனை விட்டு அந்துப்பூச்சிகளை அழைக்கும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் செக்கச் சிவப்பு, அப்போது விருந்தாளிகளும் மாறிவிடுவார்கள். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஆனால் வாடகை வீட்டு மண்ணில் தயவுசெய்து நடாதீர்கள். அடியிலிருந்து பக்கக்கன்று விட்டுக்கொண்டே போகும், மாடி ஏறி ஏசி குழாயையும் கேபிள் ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நீங்கள் போன பிறகும் வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் உங்களை நினைத்துக்கொள்வார், நல்லவிதமாக அல்ல. மனோரஞ்சிதம் இன்னொரு கதை. விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், பூக்க வருஷக்கணக்கில். அதை மட்டும் சொந்த வீட்டுக்கென்று ஒதுக்கி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வீடு மாற்றும் நாளுக்கு வருவோம். பதியன் தொட்டியைக் குட்டியானையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே செருகாதீர்கள். ஒரு வேகத்தடையில் மண்கட்டி உடைந்தால் மூன்று மாத வேலை போயிற்று. முதல்நாள் காலையில் தண்ணீர் விட்டு, புறப்படும் அன்று விடாமல் இருந்தால் மண் இறுகி நிற்கும். பால் காய்ச்ச எடுத்துப் போகும் அடுப்போடும் சாமி படத்தோடும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். புது வீட்டில் வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அரை நாள் வெயில் இல்லாத பால்கனியில் முல்லை இலையாக வளர்ந்து உங்களை ஏமாற்றும். அப்படிப்பட்ட பால்கனிதான் வாய்த்தது என்றால் மொட்டை மாடிக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள்.

காலி செய்யாத வருஷம் பதியன் மிஞ்சும். அதை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்திலேயே, அடுத்த தெருவிலேயே நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அட்வான்ஸ் தொகையைத் திருப்பிக் கொடுக்கும்போது வெள்ளை அடிக்க, குழாய் மாற்ற என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்ட கோபத்தில் தாய்ச்செடியை வேரோடு பிடுங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன். கோபம் நியாயமாகவே இருக்கட்டும். செடிக்கு அதில் பங்கில்லை, அடுத்து வருகிறவருக்கும் இல்லை. அவரும் வாடகைக்கு வருகிறவர்தான். அவர் சாமான் இறக்கும் நாளில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பதால், கிரில்லில் ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள்: "தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர். ஜனவரி கடைசியில் ஒன்றரை அடி விட்டு வெட்டவும். ஆடியில் பதியன்."

இப்படிக்கு,
இன்னொரு வாடகைக் குடித்தனக்காரன்